எம்ஓஏ என்றால் நிமிடம் இல்லை, கலை

"கோபுரத்தை நான்கு நிமிடம் மேல்நோக்கித் திருப்பவும்." துப்பாக்கி ஸ்கோப், அதாவது குறிபார்க்கத் துப்பாக்கி மேல் பொருத்தும் தொலைநோக்கி பற்றித் தமிழில் வரும் விளக்கங்களில் இந்த மாதிரி வாக்கியங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. விவரம் தெரியாதவர் படித்தால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நான்கு நிமிடம் எதையோ சுற்றிக்கொண்டிருப்பார். அங்கே கோபுரமும் இல்லை, நிமிடமும் இல்லை. இருப்பது குறியை நகர்த்தும் ஒரு திருகு குமிழும், எம்ஓஏ என்ற ஒரு கோண அளவும்தான்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம்ஓஏ என்பது 'மினிட் ஆஃப் ஆங்கிள்' என்பதன் சுருக்கம். ஒரு பாகையை (டிகிரியை) 60 ஆகப் பகுத்தால் வரும் ஒரு கூறு. லத்தீனில் 'பார்ஸ் மினுட்டா ப்ரிமா', அதாவது முதலாம் சிறு கூறு என்று சொன்னதன் மிச்சம்தான் மினிட். அதை மறுபடி 60 ஆக்கினால் இரண்டாம் சிறு கூறு, அதுதான் செகண்ட். ஆக மினிட்டின் அடிப்பொருள் சிறு கூறு. அதனால் அது மணிக்கும் பொருந்தும், பாகைக்கும் பொருந்தும்.

நம்முடைய நிமிடம் அப்படியா? அது நிமிஷம், கண் இமைக்கும் பொழுது. பிறப்பிலேயே அது காலச் சொல். நொடியும் அப்படித்தான், விரல் நொடிக்கும் நேரம். இவற்றைக் கொண்டுபோய்க் கோணத்தில் ஒட்டுவது அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போடுகிறவர் செய்கிற வேலை.

இதற்கு யாரும் புதுச்சொல் தேடி அலைய வேண்டாம். பஞ்சாங்கம் கணிப்பவர்கள் தினமும் புழங்குகிற சொல் இருக்கிறது: ராசி, பாகை, கலை, விகலை. 30 பாகை ஒரு ராசி, 60 கலை ஒரு பாகை, 60 விகலை ஒரு கலை. சூரிய சித்தாந்தத்தில் இருக்கும் அதே வாய்பாடு. சென்னையின் அட்சரேகை 13 பாகை 5 கலை என்று சொன்னால் ஜோசியருக்கும் புரியும், புவியியல் ஆசிரியருக்கும் புரியும். கலை என்பதற்கே சிறு பங்கு என்றுதான் பொருள். லத்தீன்காரர் சொன்னதையேதான் நம்மவர்களும் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

இதற்கு வரும் மறுப்புகளைப் பார்த்தால்தான் எரிச்சல் கூடுகிறது. 'கலை வடமொழி, தமிழில் கோணத்துளி என்று சொல்லலாமே' என்கிறார்கள் சிலர். சரி, நீங்கள் இதுவரை எழுதிவந்த நிமிடம் எந்த மொழி? தனித்தமிழ் மேல் எனக்கு மரியாதை உண்டு, மணித்துளியை நானே எழுதுகிறேன். ஆனால் பல நூறு வருஷமாகக் கணக்குப் போடப் பயன்பட்டு, கீழே விகலை வரைக்கும் வரிசையாக அமைந்த ஒரு சொல்லைத் தள்ளிவிட்டு, யாரும் வாயால் சொல்லிப் பார்க்காத ஒன்றை வைப்பதில் என்ன லாபம்? கோணத்துளி என்றால் அதன் அறுபதில் ஒன்றுக்கு என்ன பெயர், கோணத்துளித்துளியா? இன்னொரு மறுப்பு, கலை என்றால் ஓவியம், நாட்டியம் என்று குழம்புமாம். 'கால் கலை மேலே வை' என்று ஸ்கோப்பைக் கையில் பிடித்திருப்பவரிடம் சொன்னால் அவர் பரதநாட்டியம் ஆடப்போவதில்லை. நிலாவின் 16 கலைகளோடு குழம்பும் என்று யாராவது சொன்னால் மட்டும் கொஞ்சம் யோசிப்பேன், ஏனென்றால் முழுநிலா வானத்தில் அடைக்கும் அகலமே ஏறக்குறைய 31 கலை.

அடுத்தது மில், ஸ்கோப்புகளில் எம்ஓஏவுக்குப் பதிலாக வரும் இன்னொரு அளவு. கோயம்புத்தூர்க்காரருக்கு மில் என்றால் பஞ்சாலை, அது போகட்டும். மொழிபெயர்ப்பவர்கள் இதை மில்லிமீட்டர் ஆக்கிவிடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. இது மில்லிரேடியன், ரேடியன் என்ற கோண அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இதுவும் கோணம்தான். 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர், 1000 மீட்டரில் 1 மீட்டர். தூரம் மாறினால் நீளம் மாறும், கோணம் மாறாது. இலங்கைப் பாடநூல் வழக்கில் ரேடியனை ஆரையன் என்பார்கள், அதை வைத்து மில்லி ஆரையன் என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். பேச்சுக்கு மில்லே போதும். ரஷ்யர்கள் 'ஆயிரத்தில் ஒன்று' என்றே இதற்குப் பெயர் வைத்து, கணக்குக்கு வசதியாக வட்டத்தை 6000 ஆகப் பிரித்துக்கொண்டார்கள். நேட்டோ பீரங்கிக் கணக்கில் அது 6400. உண்மையான கணக்கு 6283 சொச்சம்.

பெயரில் இவ்வளவு பிடிவாதம் ஏன் என்றால், ஸ்கோப்பில் இந்த அளவு இரண்டு இடத்தில் வருகிறது. கண்ணாடிக்குள் குறிபார்க்கத் தெரியும் கோடுகளான குறியிழையில் ஒன்று, வெளியே திருகும் குமிழில் இன்னொன்று. இரண்டும் ஒரே அளவாக இல்லாத ஸ்கோப்புகள் வெகுகாலம் சகஜமாக இருந்தன. அமெரிக்க ராணுவத்தின் எம்24 துப்பாக்கியில் வந்த லூபோல்ட் எம்3ஏ ஸ்கோப்பில் குறியிழை மில்லில், மேல்கீழ்க் குமிழ் கிளிக்குக்கு (திருகும்போது 'டிக்' என்று நகரும் ஒரு படிக்கு) 1 கலை. குண்டு 1.5 மில் கீழே விழுந்தது என்று குறியிழை காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குமிழும் 0.1 மில் கிளிக் என்றால் 15 கிளிக், முடிந்தது. குமிழ் கால் கலை என்றால் ஒரு மில்லுக்கு 3.438 கலை, 1.5 மில்லுக்கு 5.16 கலை, நான்கால் பெருக்கினால் 20.6, அப்புறம் அதை 21 ஆக்கு. இதை வெயிலில் படுத்துக்கொண்டு மனக்கணக்காகப் போட வேண்டும். இந்த இடத்தில் 'நிமிடம்' என்றும் 'மில்லிமீட்டர்' என்றும் எழுதிவைத்தால், குமிழும் குறியிழையும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்கிற விஷயமே படிப்பவருக்குப் போய்ச் சேராது.

குறியிழை என்று நான் சொல்வதை ஆங்கிலத்தில் ரெட்டிகிள் என்பார்கள். சிறு வலை என்று பொருள். கண்ணின் ரெட்டினாவும் அதே வேர்தான், அதற்காக ஸ்கோப்புக்குள் 'விழித்திரை' என்று எழுதுவதா? பழைய வானியல் கருவிகளில் சிலந்தி இழையையே குறுக்காகக் கட்டியிருக்கிறார்கள், அதனால் இழை என்பது பொருத்தம். குமிழுக்கு ஆங்கிலத்தில் டரட் என்று பெயர், அதற்குச் சிறு கோபுரம் என்று பொருள் என்பது உண்மைதான். ஆனால் ரேடியோவில் ஸ்டேஷன் மாற்றுவதைக் குமிழ் என்று சொல்லும் ஊரில் இதையும் குமிழ் என்றால் போதும்.

ஒரே ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. சில ஸ்கோப்புகளில் எம்ஓஏ என்று போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது 100 கெஜத்துக்கு 1 அங்குலம் என்ற தோராயக் கணக்கு. உண்மைக் கலை 1.047 அங்குலம். 1000 கெஜத்தில் 20 கலை ஏற்றினால் ஒன்று 209 அங்குலம், மற்றது 200. அதற்கு அங்குலக் கணக்கு என்றே பெயர் சொல்லிவிடலாம், அதையும் கலை என்று எழுத வேண்டாம்.