டப்பட் கவருக்கு இரண்டு குமிழ்கள்

திருகோணமலை உவர்மலையில் இருக்கும் மச்சானின் மொறிஸ் மைனர் காரில் பொனட்டைத் திறந்ததும் கண்ணில் படுவது, எஞ்சினின் மேல் மூடியான டப்பட் கவரை அழுத்திப் பிடிக்கும் அந்த இரண்டு நட்டுகள்தான். கடற்காற்றில் துருவேறி, ஸ்பனர் வழுக்கி வழுக்கி மூலைகள் தேய்ந்து கிடந்தன. அவற்றை எடுத்துவிட்டு, கையாலேயே திருகக்கூடிய அலுமினியக் குமிழ்கள் இரண்டைக் கடைந்து போட நினைத்தோம். அழகுக்காகத்தான். ஆனாலும் எஞ்சினில் பூட்டிய கணத்திலிருந்து அவை கவரை அழுத்த வேண்டும், எண்ணெயைத் தடுக்க வேண்டும், உப்பையும் தாங்க வேண்டும்.

அநுராதபுரச் சந்திப் பக்கத்துக் கடைசல் பட்டறைக்குப் போனதும், எந்த நிறம் நல்லாயிருக்கும் என்றுதான் கேட்டேன். "நிறத்தைக் கடைசியில பாப்பம் தம்பி, முதல்ல புரியை அளப்பம்" என்றார் அண்ணை. வேணியர் இடுக்கிமானி, குமிழ் ஏறவேண்டிய புரித்தண்டான ஸ்டட்டின் விட்டத்தை 7.9 மில்லிமீற்றர் என்று காட்டியது. 8 மில்லிமீற்றர் மெட்ரிக் புரி என்று எடுத்துவிட எல்லோருக்கும் கை துருதுருக்கும். ஆனால் மெட்ரிக்கில் புரியிடைத் தூரம் 1.25 மில்லிமீற்றர். இந்த ஸ்டட்டில் இருந்தது அங்குலத்துக்கு 24 புரி, அதாவது 1.06 மில்லிமீற்றர். மாறிப்போட்டால் இரண்டு சுற்று ஏறும், மூன்றாவதில் இறுகும், பிறகு மெல்லிய அலுமினியப் புரி உரிந்துவிடும். இதற்காகக் குமிழில் போடும் துளை 6.9 மில்லிமீற்றர்: வெளிவிட்டத்திலிருந்து புரியிடைத் தூரத்தைக் கழித்தால் வரும் கணக்கு.

துளையை மறுபக்கம் வரை விடவில்லை. மேற்பக்கம் மூடியிருந்தால் புரி வழியே ஏறும் எண்ணெய் வெளியே வராது. ஆனால் ஆழம் போதாவிட்டால் ஸ்டட்டின் நுனி துளையின் அடியில் முட்டும். குமிழ் இறுகியதுபோல் கைக்குத் தெரியும், கவரோ தளர்வாகவே இருக்கும்.

குமிழின் விட்டத்தில்தான் அதிக நேரம் செலவழித்தோம். அசல் கவர் மெல்லிய உருக்குத் தகடு. மிகையாக இறுக்கினால் அது வளையும், அதன் கீழே உள்ள தக்கை கஸ்கட் ஓரங்களில் கவ்வாமல் எண்ணெய் கசியும். ஒருமுறை ஸ்பனரால் இறுக்கி நானே அப்படி வளைத்திருக்கிறேன். திருகு என்பது விசையைப் பெருக்கும் கருவி. 8 மில்லிமீற்றர் அளவுள்ள ஸ்டட்டில் 1 நியூற்றன் மீற்றர் முறுக்கம் கொடுத்தால், உராய்வில் பெரும்பங்கு போன பிறகும் ஏறத்தாழ 630 நியூற்றன் அழுத்தம் மிஞ்சும். 64 கிலோ எடையுள்ள ஒருவர் கவரின் மேல் ஏறி நிற்பதுபோல! விரல்கள் கொடுக்கக்கூடிய முறுக்கம் குமிழின் ஆரையோடு கூடும். 50 மில்லிமீற்றர் விட்டத்தில் செய்தால் பார்வைக்கு எடுப்பாக இருக்கும், கவரைக் கெடுக்கும் பலமும் கைக்கு வந்துவிடும். அதனால் 30 மில்லிமீற்றருக்கு மேல் போகவில்லை. உயரத்தைக் களிமண் தீர்மானித்தது. கவரின் மேல் ஒரு உருண்டை வைத்து, பொனட்டை மெல்ல மூடித் திறந்து, நசுங்கிய களிமண்ணின் தடிப்பை அளந்தோம்.

அலுமினியம் கடைசலில் சாதுவாகத் தோன்றும். ஆனால் சூடேறினால் வெட்டுளியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு மேற்பரப்பைக் கிழிக்கும். வெட்டும் வேகம் நிமிடத்துக்கு 120 மீற்றர் என்றால் 30 மில்லிமீற்றர் தண்டு சுமார் 1270 சுற்றுச் சுற்ற வேண்டும். அண்ணை தூரிகையால் மண்ணெண்ணெய் தொட்டுத் தொட்டு வைத்தார். சீவல் சுருள்சுருளாக விழ, அடியில் கண்ணாடிபோல் ஒரு தளம் தெரிந்தது. பிடிமானத்துக்குப் போடும் சொரசொரப்பு, அதாவது நர்லிங், உலோகத்தை வெட்டுவதில்லை, பிதுக்குகிறது. ஆகவே விட்டம் சற்றுக் கூடும் என்று முன்கூட்டியே குறைத்துக் கடைய வேண்டும்.

அடித்தளத்தில், எண்ணெயைத் தடுக்கும் றப்பர் வளையமான ஓ றிங்குக்கு ஒரு பள்ளம். 2.5 மில்லிமீற்றர் தடிப்பான வளையத்துக்கு 2 மில்லிமீற்றர் ஆழம். நசுங்கும் றப்பரின் கனவளவு குறையாது, பக்கவாட்டில்தான் பிதுங்கும். எனவே பள்ளத்தின் அகலம் வளையத்தைவிடக் கூட இருக்க வேண்டும். எங்கள் நாட்டு இயற்கை றப்பர் இதற்கு ஆகாது, எஞ்சின் எண்ணெயில் ஊதிவிடும். நைத்திரைல் றப்பர்தான் வேண்டும்.

அலுமினியம் உருக்கைவிட ஏறத்தாழ இருமடங்கு விரியுமே, சூட்டில் தளராதா என்று மச்சான் கேட்டார். 10 மில்லிமீற்றர் நீளப் புரியில் 60 பாகை செல்சியஸ் ஏற்றத்துக்கு வரும் வித்தியாசம் ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஏழு பங்குகூட இல்லை. தலைமயிரின் தடிப்பில் பத்தில் ஒன்று. திருகோணமலையில் பயப்பட வேண்டியது உப்புக்கு. அலுமினியமும் உருக்கும் தொட்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அது ஒரு சிறு மின்கலம். அதில் கரைவது அலுமினியம்.

அதற்குத்தான் அனோடைசிங். ஐதான சல்பூரிக்கமிலத்தில் குமிழை நேர்மின்வாயாக வைத்து மின்னோட்டம் செலுத்தினால் அதன் மேற்பரப்பே ஒட்சைட்டாக மாறுகிறது. அந்தப் படையில் நுண்ணிய துளைகள் இருக்கும். சாயம் அவற்றுக்குள் இறங்கும், பிறகு கொதிநீரில் துளைகள் மூடிக்கொள்ளும். ஒட்சைட்டு மின்னைக் கடத்தாது, ஆகையால் அந்த மின்கலச் சுற்றும் அறுந்துவிடுகிறது. படை வளர்ந்து புரி இறுகிவிடாதபடி துளையை றப்பர் தக்கையால் அடைத்துத்தான் அமிலத்தில் இறக்க வேண்டும்.

பூட்டும்போது ஒரு குமிழ் என் கையிலிருந்து நழுவி, சீமெந்துத் தரையில் விளிம்பு உராய்ந்தது. வாடைக்காற்று மழை முடிந்து கழற்றிப் பார்த்தோம். உராயாத குமிழில் நீலம் அப்படியே இருந்தது. மற்றதில், அந்தக் கீறலின் நீளத்துக்கு மட்டும், நகத்தால் சுரண்டினால் உதிரும் வெள்ளைப் பொடி. துடைத்து, அடியில் கிரீஸ் பூசி, இரண்டு விரலால் திருகிவிட்டோம்.