பிபி நார்மல் ஆயிடுச்சுன்னு மாத்திரையை நிறுத்திட்டீங்களா?

"டாக்டர், ரெண்டு தடவை பாத்தேன், பிபி நார்மல்தான், அதான் மாத்திரையை விட்டுட்டேன்." இதைக் கேக்கும்போதெல்லாம் எனக்கு பகீர்னு இருக்கும். ஏன்னா அந்த நார்மலே மாத்திரையால வந்தது, நிறுத்தினா பெரும்பாலானவங்களுக்கு சில நாள்லயோ சில வாரத்துலயோ பழையபடி ஏறிடும், ஏறினது உங்களுக்குத் தெரியவும் தெரியாது, தலைவலி வரும் மயக்கம் வரும் அப்போ பாத்துக்கலாம்னு இருந்தா முதல் அறிகுறியே ஸ்ட்ரோக்காவோ ஹார்ட் அட்டாக்காவோ இருக்கலாம். கொலஸ்ட்ரால் மாத்திரையும் இதே கதைதான்.

சிலர் நிறுத்துறதுக்குக் காரணம் சைட் எஃபெக்ட். அம்லோடிபின்ங்கிற பிபி மாத்திரை போட்டா சிலருக்கு கால் வீங்கும், எனலாப்ரில் மாதிரி பிபி மாத்திரைல சிலருக்கு வறட்டு இருமல் வரும். அதை டாக்டர்கிட்ட சொல்லுங்க, மாத்தித் தர வேற மருந்து நிறைய இருக்கு. சொல்லாம நிறுத்திட்டா எங்களுக்கு எப்படித் தெரியும்?

இன்னொண்ணு, "பிபி கொஞ்சம்தான், சுகர் பார்டர்தான், சிகரெட் நாளைக்கு ரெண்டே ரெண்டுதான்"னு சொல்றாங்க. தனித்தனியா பாத்தா எல்லாமே கொஞ்சம்தாங்க, ஆனா அத்தனையும் தாங்குறது அதே ரத்தக்குழாய்தானே. 1948ல அமெரிக்காவுல ஃப்ரேமிங்ஹாம்ங்கிற ஊர்ல ஆரம்பிச்சு ஆயிரக்கணக்கான பேரை வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்த ஆய்வுல இருந்துதான் இப்படி எல்லாத்தையும் சேத்துப் பாக்குற பழக்கமே டாக்டர்களுக்கு வந்துச்சு. சிகரெட்டுல மட்டும் குறைச்சுக்கிட்டா போதும்ங்கிற பேச்சே கிடையாது, முழுசா விடணும். விட்டு ஒரு வருஷத்துல, அதனால கூடியிருந்த மாரடைப்பு ரிஸ்க் கிட்டத்தட்ட பாதியா குறையும்.

வீட்ல பிபி பாக்குறவங்க படியேறி வந்த உடனே பாக்காதீங்க. அஞ்சு நிமிஷம் சாஞ்சு உக்காந்து, காலைத் தரையில ஊனி, கையை நெஞ்சு உயரத்துல வெச்சு, பேசாம இருந்து பாருங்க. ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு தடவை பாத்து ரெண்டையும் தேதியோட எழுதுங்க. வீட்ல அடிக்கடி 135/85 தாண்டினா டாக்டரைப் பாக்கணும்.

மாத்திரையைக் குறைக்கலாமான்னு கேக்குறதுல தப்பே இல்ல. வெயிட் குறைச்சு, உப்பை ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள கொண்டுவந்து, வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமா நடந்தவங்கள்ல சிலருக்கு நானே டோஸைக் குறைச்சிருக்கேன், ஆனா படிப்படியா, அவங்க எழுதிட்டு வந்த அந்த நோட்டைப் பாத்துப் பாத்துதான் செஞ்சேன்.