அடகு கார்டில் யார் பெயர்?

வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் குடும்ப வழக்குகளை நடத்தும் எனக்கு, பெண்ணைப் பெற்றவர்கள் முதல் நாளே சொல்வது பெரும்பாலும் இதுதான்: "இருபத்தஞ்சு சவரன் போட்டோம் மேடம். இப்போ குண்டுமணி தங்கம்கூட அவகிட்ட இல்ல." பில் இருக்காம்மா என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்) கல்யாண ஆல்பத்தை மட்டும் மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்தார். பக்கம் பக்கமாகத் திருப்பி, படத்தின் மேல் விரலை வைத்து, "இது அம்மாவோட ஆரம், இது பெரியம்மா போட்ட வளையல், இந்த நெக்லஸ் நான் சீட்டு கட்டி எடுத்தது" என்றார். மாடி கட்டுவதற்காக எல்லாவற்றையும் கணவர் தன் பெயரில் வங்கியில் அடகு வைத்திருக்கிறார். வட்டி போனது இவர் சம்பளத்திலிருந்து. பிரிந்த பிறகு கணவரே நகையை மீட்டுக்கொண்டு, "குடும்பக் கஷ்டத்துக்கு வெச்சது, எல்லாம் செலவாயிடுச்சு" என்று சொல்லிவிட்டார்.

கஷ்டத்துக்கு எடுத்தோம் என்பதால் நகை கணவருடையதாகிவிடாது. பெண்ணுக்குப் போட்ட சீதனம் அவளுக்கு மட்டுமே சொந்தம், புகுந்த வீட்டில் இருப்பதால் அது பொதுச் சொத்தாகாது என்று 1985-லேயே பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நெருக்கடியில் கணவர் பயன்படுத்தினாலும் நகையையோ அதன் மதிப்பையோ திருப்பித் தரும் கடமை அவருக்கு உண்டு என்று 2024-லும் ஒரு தீர்ப்பு வந்தது. சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. நகை இருந்தது என்று காட்டுவதில்தான் நம் வழக்குகள் தடுமாறுகின்றன.

மணமக்களுக்கு வந்த அன்பளிப்புகளை எழுதி, தோராய மதிப்பும் கொடுத்தவர் பெயரும் உறவும் குறித்து, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1985-ஆம் ஆண்டின் விதிகளே சொல்கின்றன. நம் ஊரில் ஐம்பத்தொரு ரூபாய் மொய்யைக்கூட நோட்டில் எழுதுகிறோம், ஆரத்தை எழுதுவதில்லை. கேட்டால் "நம்பிக்கை இல்லையான்னு சம்பந்தி கேப்பாங்க" என்பார்கள். அந்தப் பட்டியல் மாப்பிள்ளை வீட்டாருக்கும் பாதுகாப்பு. போட்டது பதினைந்து சவரன், மனுவில் ஐம்பது என்று எழுதப்பட்ட வழக்கையும் நான் பார்த்திருக்கிறேன். வரதட்சணை கேட்பதும் கொடுப்பதும் 1961 சட்டப்படி குற்றம், அது வேறு விஷயம்.

அடகு வைக்கத்தான் வேண்டுமென்றால் உங்கள் பெயரிலேயே வையுங்கள். அது முடியாத வீடுகளில், கார்டை ஒரு படமாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்ன நகை, எத்தனை கிராம், எந்தத் தேதி என்பதை வங்கி தன் பதிவில் வைத்திருக்கும். நகைக்கடை பில் தொலைந்தாலும் அந்தப் பதிவை நீதிமன்றம் மூலம் வரவழைக்கலாம். வட்டியை உங்கள் கணக்கிலிருந்தே கட்டுங்கள். வீட்டுக் கடனில் கணவரோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தால், விவாகரத்து ஆனாலும் வங்கி உங்களையும் கேட்கும். அதையும் பேசி முடித்துவிடுங்கள்.

பரஸ்பர சம்மத விவாகரத்தில் என் வயிற்றைக் கலக்கும் வரி ஒன்று உண்டு: "என் நகைகள், சீர்ப் பொருட்கள் அனைத்தையும் பெற்றுக்கொண்டேன்." பொருள் கைக்கு வராமலே, சீக்கிரம் முடிந்தால் போதும் என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். பிறகு கேட்டுப் போனால் அந்தத் தாளைத்தான் நீட்டுவார்கள். எடை போட்டு வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம்.

ஆம்பூர்ப் பெண்ணின் வழக்கில் வங்கிப் பதிவை வரவழைத்தோம். ஆல்பத்தில் அவர் காட்டிய நகைகள் ஒவ்வொன்றும் கிராம் கணக்கோடு அதில் இருந்தன. சமரசப் பேச்சில் ஆரமும் வளையலும் திரும்பின. நெக்லஸுக்குப் பணம் கிடைத்தது. போன ஜூனில் பையனின் ஸ்கூல் பீஸுக்காக அதே ஆரத்தை அடகு வைத்தவர், கார்டைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். பெயர் இருந்த இடத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டிருந்தார்.