பிரேக்குக்கு வேண்டியது வெற்றிடமா, தாழ்வழுத்தமா?

"பிரேக் வெற்றிடத்தை மேம்படுத்துவது எப்படி?" இந்தத் தொடரை இன்னொரு தடவை கேட்கப் பொறுமை இல்லை. கடலூர், புதுச்சேரிப் பக்கம் பழைய அம்பாசடர், கான்டெஸாவை எடுத்து எஞ்சின் வேலை பார்த்து ஓட்டும் நண்பர்கள் சொல்கிறார்கள், உதிரிபாகத்தோடு வரும் தமிழ்த் தாளில் அச்சாகியிருக்கிறது, வீடியோவில் விளக்குகிறவரும் அதையே சொல்கிறார். பெடலை மிதிக்கும் காலுக்குத் துணையாக விசை சேர்க்கும் பிரேக் பூஸ்டருக்கு எஞ்சினிலிருந்து கிடைப்பதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். ஒன்றுமே இல்லாத இடம்தானே வெற்றிடம்? அதில் நல்ல வெற்றிடம், சுமாரான வெற்றிடம் என்று ரகம் உண்டா?

வாக்யூம் லத்தீன் சொல். காலி என்று பொருள்படும் 'வாக்குவஸ்' என்பதிலிருந்து வந்தது. நம் வெற்றிடமும் வெறுமையும் இடமும் சேர்ந்தது, வெற்றுக் காகிதம் போல. அகராதியை மட்டும் பார்த்தால் சரிதான். காரின் பானெட்டைத் திறந்து பார்த்தால் சரியில்லை.

பெட்ரோல் எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது, காற்று வரும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும், பிஸ்டன்கள் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால் இடையில் உள்ள காற்றுக் குழாயான மேனிஃபோல்டில் அழுத்தம் குறையும். நல்ல நிலையில் உள்ள எஞ்சினில் இந்தக் குறைவு 17 முதல் 22 அங்குலப் பாதரசம் (பாதரசத்தின் உயரத்தை வைத்து அழுத்தத்தைச் சொல்லும் அலகு). வெளிக்காற்றின் முழு அழுத்தம் கிட்டத்தட்ட 30 அங்குலம். அதாவது 18 அங்குலம் குறைந்தாலும் ஐந்தில் இரண்டு பங்கு காற்று உள்ளே மிச்சம் இருக்கிறது. எஞ்சின் வால்வுகளை அதிக நேரம் ஒன்றாகத் திறந்து வைக்கும் கேமைப் போட்டுவிட்டால் குறைவு 10 அங்குலத்துக்கு இறங்கிவிடும், மூன்றில் இரண்டு பங்கு காற்று உள்ளேயே இருக்கும். இதையா வெற்றிடம் என்பது?

இது சொல்லோடு நிற்கும் சண்டை இல்லை. பூஸ்டருக்குள் டயாஃப்ரம் என்ற வட்டத் தடுப்பு இருக்கிறது; ஒரு பக்கம் ஹோஸ் வழியாக மேனிஃபோல்டின் குறைந்த அழுத்தம், மறுபக்கம் பெடலை மிதித்தால் வெளிக்காற்று. அதன் விட்டம் 20 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 அங்குலக் குறைவு இருந்தால் வெளிக்காற்று அதைச் சுமார் 195 கிலோ விசையோடு தள்ளும். 10 அங்குலம் என்றால் 110 கிலோகூட வராது. பெடல் கல்லு மாதிரி ஆவது இதனால்தான். வெற்றிடம் என்று சொல்லிப் பழகியவர் 'இருக்கிறதா, இல்லையா' என்று கேட்டு, ஒரு டேங்கை வாங்கி மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்கிறார். டேங்க் எதையும் உண்டாக்காது, எஞ்சின் தந்ததை ஒருவழி வால்வுக்குப் பின்னால் சேமித்து வைக்கும், அவ்வளவுதான். கேட்க வேண்டிய கேள்வி 'எவ்வளவு?'. அதற்கு முதலில் கேஜை வைத்து அளக்க வேண்டும், ஹோஸில் கசிவு பார்க்க வேண்டும், இக்னிஷன் டைமிங் பார்க்க வேண்டும், அப்புறம்தான் எலெக்ட்ரிக் பம்பா, சின்ன கேமா என்ற பேச்சு.

சரி, வேறு என்ன சொல்லலாம்? 'எதிர்மறை அழுத்தம்' என்கிறார்கள் சிலர். கேஜ் முள் பூஜ்யத்துக்கு இந்தப் பக்கம் வருவதைப் பார்த்து வைத்த பெயர், காற்றின் அழுத்தம் உண்மையில் பூஜ்யத்துக்குக் கீழே போகவே போகாது. 'உறிஞ்சழுத்தம்' கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பூஸ்டரில் எதுவும் உறிஞ்சவில்லை, மறுபக்கத்து வெளிக்காற்றுதான் தள்ளுகிறது. அந்தச் சொல்லைப் படித்து வளரும் பையன் வேலையைத் தலைகீழாகப் புரிந்துகொள்வான்.

என் தேர்வு தாழ்வழுத்தம். இதை நான் உருவாக்கவில்லை, பள்ளிப் புவியியலில் நிலநடுக்கோட்டுத் தாழ்வழுத்த மண்டலம் என்று எல்லோரும் படித்ததுதான். கடலூர்க்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். 2011 டிசம்பரில் தானே புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்றால் என்ன என்று துறைமுகத்தில் கூண்டு ஏற்றும்போதே மீனவருக்குத் தெரியும். வங்கக் கடலில் வெற்றிடம் உருவானது என்று எந்தச் செய்தியிலும் வராது. இத்தனைக்கும் புயலின் நடுவில் குறைவது பெரும்பாலும் சில பத்து மில்லிபார்தான், எஞ்சினில் 600 மில்லிபார் குறைகிறது. அளவு வேறு, விஷயம் ஒன்று.

புதுச்சேரியில் பிரெஞ்சு தெரிந்த பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இந்த பூஸ்டருக்கு பிரெஞ்சில் 'செர்வோஃப்ரேன் அ தெப்ரெசியோன்' என்று பெயர், வானிலைத் தாழ்வுக்கும் அதே தெப்ரெசியோன்தான். ஜெர்மானியர் 'உன்ட்டர்ட்ருக்' என்கிறார்கள், கீழழுத்தம் என்று பொருள். ஆங்கிலம்தான் இங்கே சோம்பேறித்தனமாக வாக்யூம் என்று நிற்கிறது, நம் மொழிபெயர்ப்பாளர்கள் பார்ப்பதும் அந்த ஒரு மொழியை மட்டும்தான். பொருளைப் பார்க்காமல் அகராதியில் முதலில் இருக்கும் சொல்லை எடுத்து ஒட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. இதே ஆட்கள்தான் பூஸ்டரை 'ஊக்கி' ஆக்கி வினையூக்கியோடு குழப்புகிறார்கள். பூஸ்டர் பூஸ்டராகவே இருக்கட்டும், பட்டறையில் எல்லோருக்கும் புரிகிறது. மெக்கானிக் 'வேக்கம்' என்பதிலும் எனக்குக் குறை இல்லை, அவர் அளந்துவிட்டுப் பேசுகிறார். தமிழில் எழுத உட்காருகிறவருக்குத்தான் பொறுப்பு கூடுதல்.

தாழ்வழுத்தம் என்றால் 'கூடியதா, குறைந்ததா' என்று குழப்பம் வராதா என்பார்கள். அதற்கும் வானிலைக்காரர்கள் வழி வைத்திருக்கிறார்கள்: தாழ்வு வலுப்பெறும், வலுவிழக்கும். கேம் மாற்றினால் தாழ்வழுத்தம் வலுவிழக்கிறது, பம்பு போட்டால் வலுப்பெறுகிறது. த்ராட்டில் இல்லாத டீசல் வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரின் பின்னால் இருப்பது தாழ்வழுத்தப் பம்பு. வெற்றிடம் என்ற சொல்லை ஒளியின் வேகம் பற்றி எழுதும் இயற்பியல்காரர்களுக்கு விட்டுவிடலாம்.