இரண்டு சைன் அலையில் ஒரு மணி

மின்னிசை அமைக்கப் பழகிவரும் வாசகர் ஒருவரின் கேள்வி இது: "இலவச மென்பொருளில் மெட்டும் தாளமும் ஓரளவு கைவந்துவிட்டன. ஆனால் எஃப்.எம். சின்தசைசர் ஒன்றைத் திறந்து எந்தக் குமிழைத் திருகினாலும் தகரத்தைச் சுரண்டுகிற சத்தம்தான் வருகிறது. அதே கருவியில் மற்றவர்கள் மணியோசையும் பியானோவும் எப்படி வரவழைக்கிறார்கள்?"

எஃப்.எம். என்பது அதிர்வெண் பண்பேற்றம், அதாவது ஓர் அலையின் அதிர்வெண்ணை இன்னோர் அலையால் அசைப்பது. அந்தச் சுரண்டல் சத்தத்துக்குக் காரணம் உண்டு, கணக்கும் உண்டு. இரண்டே இரண்டு எண்களைப் புரிந்துகொண்டால் போதும். அதே குமிழ்கள் கையில் அடங்கிவிடும்.

தேவையானவற்றை முதலில் சொல்லிவிடலாம். ஒரு கணினி. ஒரு ஹெட்போன், மடிக்கணினி ஸ்பீக்கரில் கீழ்ச்சுரங்கள் எடுபடாது, அதை நம்பி எதையும் சரிசெய்யக் கூடாது. பாட்டைக் கோக்க எல்.எம்.எம்.எஸ். போன்ற இலவச மென்பொருள். அதற்குள் இயங்கும் சின்தசைசராக 'டெக்ஸெட்'. இதுவும் இலவசம்தான், 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 கருவியின் உட்கட்டமைப்பைக் கணினியில் அப்படியே தருவது. ஒலி அமைப்பில் மாதிரி வேகத்தை (ஒலியலை நொடிக்கு எத்தனை புள்ளிகளாகப் பதிவாகிறது என்பதை) நொடிக்கு 48,000 என்றும் பஃபரை (கணினி ஒரு தடவையில் தயாரிக்கும் மாதிரிகளின் எண்ணிக்கையை) 256 என்றும் வையுங்கள். 256-ஐ 48,000-ஆல் வகுத்தால் 5.3 மில்லிநொடி, விசையை அழுத்தியதற்கும் ஒலி கேட்பதற்கும் இடையே பஃபர் சேர்க்கும் தாமதம் அவ்வளவுதான். ஒலி வெடித்து வெடித்து வந்தால் கணினி திணறுகிறது என்று பொருள்; 512-க்கு ஏற்றுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். 220 ஹெர்ட்ஸில் ஒரு சைன் அலை. குழாயில் ஊதுவது போன்ற வெறுமையான ஒலி, அடிச்சுரத்துக்கு மேலே சேர்ந்து ஒலிக்கும் மேற்சுரமே கிடையாது. அதன் சுருதியை நொடிக்கு ஆறு முறை லேசாக மேலும் கீழும் அசைத்தால், வீணைக் கம்பியை விரலால் அசைப்பது போன்ற ஒரு நடுக்கம் கேட்கும். சரி, அசைக்கும் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால்? பத்தில் படபடப்பு. இருபது, முப்பதில் காது ஒவ்வோர் அசைவையும் பின்தொடர முடியாமல் திணற, ஒரு கரகரப்பு. நூறைத் தாண்டியதும் அசைவு என்ற உணர்வே மறைந்துவிடுகிறது. அசையாமல் நிற்கும் ஒரு புதிய நாதம் கேட்கிறது, மேற்சுரங்கள் நிறைந்து.

1967-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இதைக் காதால் கண்டுபிடித்தவர் ஜான் சௌனிங். பொறியாளர் அல்ல, இசையமைப்பாளர். கணினியை இசைக்கருவியாக்கலாம் என்று பெல் ஆய்வகத்தின் மேக்ஸ் மேத்யூஸ் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு, பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகக் கணினியில் நடுக்கத்தின் வேகத்தை ஏற்றிப் பார்த்தவர். இதை நீங்களும் ஐந்து நிமிடத்தில் செய்து பார்க்கலாம். டெக்ஸெட்டில் வெற்று ஓசையைத் தேர்ந்தெடுங்கள். ஒரு சைன் அலையை உண்டாக்கும் அலகுக்கு ஆபரேட்டர் என்று பெயர். 1-ஆம் ஆபரேட்டர் மட்டும் ஒலிக்கும். 2-ஆம் ஆபரேட்டர் அதை அசைக்கும் இடத்தில் இருக்கும், ஆனால் அதன் அளவு சுழியத்தில் இருக்கும். அதை நிலையான அதிர்வெண் முறைக்கு மாற்றி, 6 ஹெர்ட்ஸ் அருகே வைத்து, அளவை 70-க்கு ஏற்றி, பிறகு அதிர்வெண்ணை மெல்ல உயர்த்துங்கள்.

புதிய சுரங்கள் எங்கிருந்து வருகின்றன? இரண்டு சைன்களைப் பெருக்கினால் கூட்டலும் கழித்தலுமான இரண்டு அதிர்வெண்கள் கிடைக்கும் என்பது பள்ளிப் பாடம். இங்கே பெருக்கலோடு நிற்கவில்லை. ஓர் அலையின் கோணத்துக்குள்ளேயே இன்னோர் அலையை நுழைக்கிறோம். அதனால் கூட்டலும் கழித்தலும் ஒரு முறையோடு முடிவதில்லை. அசைக்கப்படும் அலை, அதாவது ஊர்தி அலை, 220, அசைக்கும் அலை 100 என்றால் 320, 420, 520 என்று மேலே ஒரு வரிசையும், 120, 20, −80 என்று கீழே ஒரு வரிசையும் முளைக்கின்றன. இவைதாம் பக்கப்பட்டைகள். எஃப்.எம். வானொலியிலும் இதே கணிதம்தான். அங்கே ஊர்தி அலை காதுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது, இங்கே இரண்டு அலையுமே காதின் எல்லைக்குள் இருக்கின்றன.

−80 ஹெர்ட்ஸ் என்றால் என்ன? இந்த இயந்திரத்தின் அழகே இதில்தான் இருக்கிறது. சைனுக்குள் எதிர்க்குறி போனால் அது வெளியே வந்து நின்றுகொள்ளும். ஆகவே −80 என்பது தலைகீழான 80 ஹெர்ட்ஸ் அலை. சுழியத்தைச் சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்நோக்கிப் போகும் வரிசை அதில் மோதித் தலைகீழாகத் திரும்பி மேலே ஏறுகிறது. திரும்பி வருவது ஏற்கெனவே அங்கிருக்கும் சுரத்தின் மேல் சரியாக விழுகிறதா, இடைவெளியில் விழுகிறதா என்பதுதான் நாதத்தைத் தீர்மானிக்கிறது.

அசைக்கும் அலையும் 220 என்று வையுங்கள், விகிதம் 1. மேலே 440, 660, 880. கீழே 0, −220, −440. திரும்பி 220, 440. எல்லாம் ஒரே ஏணியின் படிகள். இனிய, நிறைவான ஒலி. விகிதத்தை 2 ஆக்குங்கள். மேலே 660, 1100, 1540. கீழே −220, −660, −1100. அத்தனையும் 220-இன் ஒற்றைப்படை மடங்குகள், இரட்டைப்படைக்கு இடமே இல்லை. கிளாரினெட்டின் கீழ்ச்சுரங்களில் ஒலிக்கும் அந்த உள்ளீடற்ற மர நாதம் நெருங்கி வரும். இப்போது விகிதம் 1.4. அசைக்கும் அலை 308. மேலே 528, 836, 1144. கீழே −88, −396, −704. திரும்பியவை எதன் மேலும் விழவில்லை. 88, 220, 396, 528, 704, 836 என்ற இந்த வரிசையில் காது ஓர் அடிச்சுரத்தைத் தேடித் தோற்றுப்போகிறது. வார்ப்பு உலோகம் அதிரும்போதும் மேற்சுரங்கள் இப்படித்தான் முழுமடங்குகளை விட்டு விலகி நிற்கும். ஆகவே மணி!

இதில் எங்கும் 220 முக்கியமில்லை, 1.4-தான் முக்கியம். நான் சொன்ன முதல் எண் இந்த விகிதம்தான். எந்த விசையை அழுத்தினாலும் விகிதம் மாறாது, நாதமும் மாறாது. 440-க்குப் பதில் 432 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்த்தால் உடல் நலமாகும், அண்டத்தோடு இயையும் என்று பரப்பப்படுவதை நம்ப வேண்டாம் என்று இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை என்ற கணக்கு. ஒரு நாளை 86,400 பங்காக்கி ஒரு பங்குக்கு நொடி என்று பெயரிட்டது மனிதர்கள். நொடியை வேறாக வகுத்திருந்தால் 432 என்ற எண்ணே இருந்திராது. அப்படி மாற்றினால் பாட்டு முழுவதும் சுமார் 32 சென்ட், அதாவது ஓர் அரைச்சுரத்தின் மூன்றில் ஒரு பங்கு, இறங்கும், வேறெதுவும் நடக்காது. அதற்குச் செலவிடும் நேரத்தை விகிதங்களைக் கேட்டுப் பழகுவதில் செலவிடலாம்.

இரண்டாவது எண், ஆழம். அசைக்கும் அலை ஊர்தியை எவ்வளவு தூரம் தள்ளுகிறது என்பதன் அளவு இது. பண்பேற்ற எண் என்பார்கள். அது 1 ஆக இருந்தால் ஊர்தியின் வீச்சு 0.77 ஆகக் குறையும். முதல் பக்கப்பட்டைகள் 0.44, இரண்டாவது 0.11, மூன்றாவது 0.02. அதாவது பக்கத்துக்கு இரண்டுதான் கண்ணில் படும். எண்ணோடு ஒன்றைக் கூட்டினால், பக்கத்துக்கு எத்தனை பட்டைகள் பொருட்படுத்தத் தக்கவை என்பது கிடைத்துவிடும். 5 என்றால் ஆறு. டெக்ஸெட்டில் அசைக்கும் ஆபரேட்டரின் அளவு 70-ஐ ஒட்டி இருந்தால் பண்பேற்ற எண் ஏறக்குறைய 1. அளவை 8 படி ஏற்றும்போதெல்லாம் அது இரட்டிப்பாகும். 99-இல் பத்தைத் தாண்டிவிடும்.

ஆழத்தைக் கூட்டும்போது பட்டைகள் ஒரே சீராக வளர்வதில்லை. ஒன்று எழ இன்னொன்று தணியும், தணிந்தது மறுபடி எழும். இந்த ஏற்ற இறக்கத்தைச் சொல்பவை பெஸ்ஸல் சார்புகள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நீள்வட்டப் பாதையில் ஒரு கோள் எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்ற கெப்ளரின் கணக்கை எடுத்துக்கொண்ட வானியலாளர் பெஸ்ஸல் இவற்றை விரித்தெழுதினார். அந்தக் கணக்கிலும் ஒரு கோணத்தோடு அதன் சைன் கலந்திருக்கிறது, இங்கேயும் அப்படியே. வட்டமான தோல் பறை அதிர்வதை எழுதினாலும் இதே சார்புகள்தான் வந்து நிற்கின்றன. பண்பேற்ற எண் 2.405-ஐத் தொடும்போது ஊர்தி அலை முற்றாக மறைந்துவிடும் என்கிறது பெஸ்ஸல் அட்டவணை. சோதிக்கலாம். விகிதம் 1.40, அளவு 80-ஐ ஒட்டி, 220 ஹெர்ட்ஸ் விசை. சில நொடி பதிவுசெய்து, ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளில் அலைமாலையை, அதாவது எந்த அதிர்வெண் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்ற படத்தைப் பாருங்கள். 88, 396, 528 ஆகிய இடங்களில் கூர்முனைகள் இருக்க, நீங்கள் அழுத்திய 220 மட்டும் ஏறக்குறைய காணாமல் போயிருக்கும். ஒன்றிரண்டு படி முன்பின் நகர்த்தினால் அது மறையும் இடம் அகப்படும். மிடி என்ற பொதுமுறை விசைகளுக்குத் தரும் எண்களில் 220-க்கான விசை 57. சில மென்பொருள்கள் அதை ஏ3 என்றும் சில ஏ2 என்றும் குறிப்பதால் எண்ணை நம்புங்கள்.

இந்த இரண்டு எண்களைக் காலத்தோடு நகர்த்தும்போதுதான் ஒலிக்கு உயிர் வருகிறது. எக்காளத்தில் ஒலி ஓங்கும்போது உயர்ந்த மேற்சுரங்களும் சேர்ந்து ஓங்குகின்றன என்று பெல் ஆய்வகத்தில் ஷான்-க்ளோத் ரிஸே பகுத்துக் காட்டியிருந்தார். சௌனிங் அதை நினைவில் வைத்து, ஒலியளவோடு பண்பேற்ற எண்ணையும் சேர்த்து ஏற்றி இறக்கினார். பித்தளையின் முழக்கம் வந்துவிட்டது. மேற்சுரம் ஒவ்வொன்றையும் தனித்தனி அலையாகக் கூட்டினால் டஜன் கணக்கில் அலைகள் தேவைப்படும் வேலையை இரண்டே அலைகள் செய்தன.

அமெரிக்க ஆர்கன் தயாரிப்பாளர்கள் இதை வாங்க மறுத்தார்கள், ஜப்பானின் யமஹா உரிமம் பெற்றது. 1977-இல் வழங்கப்பட்ட அந்தக் காப்புரிமை பல ஆண்டுகள் ஸ்டான்ஃபோர்டுக்குப் பெருந்தொகை ஈட்டித் தந்தது. கண்டுபிடித்தவரை அதே பல்கலைக்கழகம் இடையில் வேலையை விட்டு அனுப்பி, பிறகு திரும்ப அழைத்துக்கொண்டது. நடுக்கத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் இசையமைப்பாளருக்குக் கணினி நேரம் எதற்கு என்று ஒரு குழு கேட்டிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது. உடனடிப் பயன் என்ன என்று கேட்டே ஆராய்ச்சிப் பணத்தைப் பங்கிடுவது தவறு என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சான்று இது.

மணி செய்வோம். ஆபரேட்டர் 1: விகிதம் 1.00, அளவு 99. ஆபரேட்டர் 2: விகிதம் 1.40, அளவு 90. இரண்டுக்கும் என்வலப்பின் (அளவு காலத்தோடு எழுந்து தணியும் வடிவத்தின்) முதல் மட்டம் 99, மற்ற மூன்று மட்டங்களும் 0. முதல் வேகம் 95. அடித்த மாத்திரத்தில் எழ வேண்டும். இரண்டாம் வேகத்தை ஆபரேட்டர் 1-க்கு 30-இல் தொடங்குங்கள். எண் குறையக் குறையத் தணிவு நீளும். ஆபரேட்டர் 2-க்கு அதைவிடச் சில எண்கள் கூட்டி வையுங்கள். உயர்ந்த சுரங்கள் முதலில் அடங்க, கடைசியில் கிட்டத்தட்ட தனி சைன் மட்டும் நீண்டு தேயும். நான்காம் வேகத்தை மறந்தால் விசையை விட்டதும் மணியைக் கையால் பிடித்தது போல ஒலி அறுந்துவிடும். அதையும் 30-க்கு இறக்குங்கள்.

மின் பியானோவுக்கு 5-ஆம் அல்காரிதம் (எந்த ஆபரேட்டர் எதை அசைக்கிறது என்ற இணைப்பு முறை). அதில் ஊர்தியும் அசைப்பானுமாக மூன்று இணைகள். முதல் இணையில் அசைப்பானின் விகிதம் 14, அளவு 58, விரைந்து தணியும்படி. சுத்தியல் படும் 'டிங்' அதுதான். மற்ற இணைகளில் எல்லா விகிதமும் 1. அசைப்பான்களுக்கு விசை வேக உணர்வைக் கூட்டினால், மெல்லத் தொட்டால் மென்மையாகவும் ஓங்கி அடித்தால் கூர்மையாகவும் ஒலிக்கும்.

இப்போது அந்தத் தகரச் சத்தம். பெரும்பாலும் மூன்று காரணங்கள். 1.37, 3.72 போன்ற விகிதங்களும் 99 என்ற அளவும் சேர்ந்தால் எதனோடும் ஒட்டாத பட்டைகள் பத்துக்கும் மேல் முளைத்துவிடும். அடுத்தது அல்காரிதம். 1-ஆம் அல்காரிதத்தில் 6, 5-ஐ அசைக்க, 5, 4-ஐ அசைக்க, அது 3-ஐ அசைக்கிறது. பக்கப்பட்டைக்குப் பக்கப்பட்டை, அதற்கும் பக்கப்பட்டை. தன்னைத்தானே அசைக்கும் ஃபீட்பேக்கும் 7-இல் இருந்தால் மிஞ்சுவது இரைச்சல்தான். இரண்டே ஆபரேட்டர்களோடு, முழு எண் விகிதங்களோடு தொடங்குங்கள்.

மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. நொடிக்கு 44,100 மாதிரி என்றால் அதன் பாதியான 22,050 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் பதிக்க முடியாது. கீழே சுழியம் சுவராக நின்றது போல மேலே இது ஒரு சுவர். 1760 ஹெர்ட்ஸ் சுரம், அசைப்பான் விகிதம் 7 என்றால் இரண்டாம் மேல்பட்டை 26,400-இல் விழ வேண்டும். அது மோதித் திரும்பி 17,700-இல் வந்து நிற்கும். 1760-இன் எந்த மடங்கும் அல்ல. கீழ்ச்சுவரில் மோதியது விகிதத்துக்குக் கட்டுப்பட்டது, இது அப்படியல்ல. அடையாளம் காண்பது எளிது: சுருதியை வளைத்து ஏற்றும்போது கூடவே ஏதோ ஒன்று எதிர்த்திசையில் இறங்கினால் அது இதுதான். மேல்விசைகளில் அசைப்பானின் அளவு தானே குறையும்படி விசைவாரி அளவீட்டை அமைக்க வேண்டும். அல்லது மாதிரி வேகத்தை 96,000-க்கு ஏற்ற வேண்டும்.

கடைசியாக ஒரு சோதனை. விகிதம் 1.00-இல் ஒலிக்கும் சுரத்தை 1.01 ஆக்குங்கள். அசைக்கும் அலை 222.2 ஹெர்ட்ஸ். கீழே போன இரண்டாம் பட்டை −224.4-இல் விழுந்து, திரும்பி, 220-க்கு அருகில் நிற்கும். மூன்றாம் கீழ்ப்பட்டை 446.6-ஆகத் திரும்பி, மேலிருக்கும் 442.2-க்கு அருகில். ஒவ்வோர் இணையிலும் வித்தியாசம் அதே 4.4. எல்லா மேற்சுரங்களும் ஒரே மூச்சில் நொடிக்கு 4.4 முறை ததும்பும். பத்து நொடி விசையை அழுத்திப் பிடித்து எண்ணிப் பாருங்கள், 44 வரும்.