தாமரை முகமும் முகத்தாமரையும்

'தாமரை முகம்' என்றால் உவமை. 'போன்ற' என்ற உருபு மட்டும் மறைந்து நிற்கிறது. சொற்களை இடம் மாற்றி 'முகத்தாமரை' என்றால் உருவகம். இப்போது முகமே தாமரை. சொற்களின் வரிசையை மாற்றியே இவ்வளவு பெரிய வேறுபாட்டைக் காட்டிவிடுகிற மொழி நம்முடையது. வகுப்பில் இதைச் சொல்லித்தரும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

தாமரைக்குத் தண்டு உண்டு, சேறு உண்டு, வழுக்கும் இலை உண்டு. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு மலர்ச்சியை மட்டும் மனம் எப்படி எடுத்துக்கொள்கிறது? ஒப்புமை எதில் பிறக்கிறது என்பதைத் தொல்காப்பியம் நான்காகப் பிரிக்கிறது. புலிபோலப் பாய்ந்தால் வினை, மழைபோலக் கொடுத்தால் பயன், துடி என்னும் உடுக்கை போன்ற இடை என்றால் மெய், அதாவது வடிவம். பவளவாய் என்றால் உரு, அதாவது நிறம்.

நேர்ப்பொருளை முதலில் பார்த்து, அது பொருந்தாதபோதுதான் மனம் உருவகப் பொருளைத் தேடுகிறது என்று நெடுநாள் நம்பினார்கள். 1982இல் உளவியலாளர் சாம் கிளக்ஸ்பர்க்கும் உடன் ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தார்கள். வாக்கியம் நேர்ப்பொருளில் உண்மையா, பொய்யா என்று மட்டும் சொல்ல வேண்டும். 'சில வேலைகள் சிறைகள்' போன்ற வாக்கியங்களைப் பொய் என்று சொல்ல, வெறும் பொய்யான வாக்கியங்களைவிடக் கூடுதல் நேரம் பிடித்தது. யாரும் கேட்காமலேயே உருவகப் பொருள் மனத்தில் எழுந்து குறுக்கே நின்றிருக்கிறது.

ஆனால் ஒப்பிடப்படும் பொருளை அறியாதவர் மனத்தில் எது எழும்? சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டில் வளரும் பிள்ளைகள் 'பசுமரத்தாணி போல' என்பதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். ஈரம் காயாத மரத்தில் ஆணி எவ்வளவு எளிதாக இறங்கும் என்பதை அவர்கள் கை அறியாது. பிள்ளைகளைக் குறை சொல்வதில் நியாயமே இல்லை. அவர்கள் அறிந்த பொருளிலிருந்து தொடங்க வேண்டியது நாம்தான்.

துணைப்பாட வகுப்பில் ஒரு சிறுமியிடம் சொந்தமாக ஓர் உவமை கேட்டேன்.

"அம்மா கோபம் மத்தியான மழை மாதிரி, டீச்சர்."

"எதுல ஒத்துப்போகுது?"

"திடீர்னு இடி இடிக்கும், கொட்டும். கொஞ்ச நேரத்துல வெயில் வந்துடும்."

வினையுவமம்! "சரிம்மா, 'மாதிரி'யை எடுத்துட்டுச் சொல்லு பார்ப்போம்."

யோசித்தாள். "நேத்து வீட்டுல கோபமழை. நானும் தம்பியும் நல்லா நனைஞ்சிட்டோம்."