ஓட்டிசமுள்ளவர் தலைமை வகிக்க, கூட்டம் எப்படி இருக்க வேண்டும்?

ஓட்டிசமுள்ள ஓர் இளைஞர் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று வன்னிக்குத் திரும்புகிறார். ஊர் மாற்றுத்திறனாளிகள் சங்கத்தில் சேர்கிறார். முதற்கூட்டத்தில் ஒரு சொல்லும் பேசாமல் எழுந்து போய்விடுகிறார். "படிச்ச பிள்ளைதான், ஆனால் கூச்சம்" என்று ஊர் முடிவுகட்டிவிடும். அந்த முடிவு பிழை. பல்கலைக்கழகத்தில் பாடத்திட்டம் எழுத்தில் இருந்தது, நேரசூசி இருந்தது, வினாத்தாளைக் கையில் கொடுத்து மூன்று மணித்தியாலம் தந்தார்கள். பொதுநோக்கு மண்டபத்தில் இவை எதுவும் இல்லை. அவரது அறிவு குறையவில்லை, அதை வெளியே கொண்டுவந்த ஏற்பாடுதான் அங்கே கிடையாது.

மனித உரையாடலின் வேகம் வியக்கத்தக்கது. ஒருவர் பேசி முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் இடையிலுள்ள இடைவெளி பெரும்பாலும் 200 மில்லிவிநாடி அளவுதான் என்பதைப் பத்து மொழிகளை ஒப்பிட்ட ஆய்வொன்று 2009இல் காட்டியது. ஆனால் ஒரு தனிச்சொல்லை மூளை தயாரித்து வாய்க்கு அனுப்பவே ஏறத்தாழ 600 மில்லிவிநாடி வேண்டும். ஆகவே எல்லோருமே மற்றவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் எங்கே முடிப்பார் என்று ஊகித்துத் தம் பதிலைக் கட்டத் தொடங்கிவிடுகிறார்கள். கேட்டல், முகம் பார்த்தல், வசனம் அமைத்தல், இடைவெளிக்குக் காத்திருத்தல் என நான்கு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

ஓட்டிசமுள்ளவர்களின் கவனம் ஒரு சில பொருள்களில் மட்டும், ஆனால் மிக ஆழமாகக் குவிகிறது என்ற விளக்கத்தை டைனா மரேயும் இரு சக ஆய்வாளர்களும் 2005இல் விரிவாக முன்வைத்தார்கள். அப்படிப்பட்ட கவனத்துக்கு அந்த நான்கையும் சேர்த்துச் செய்வது கடினம். பதில் ஆயத்தமாகும்போது பேச்சு வீதி விளக்கிலிருந்து குடிநீருக்குத் தாவியிருக்கும். அந்நேரத்தில் வீதி விளக்கைப் பற்றிச் சொன்னால், "தம்பி, அது முடிஞ்சுது" என்பார்கள். இரண்டு முறை இப்படி நடந்தால் மூன்றாம் முறை எவர்தான் வாய் திறப்பார்?

இதற்கான முதல் மாற்றத்துக்குக் காசே தேவையில்லை. நிகழ்ச்சி நிரலை இரண்டு நாள் முன்னரே வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். "வீதி விளக்கு" என்று தலைப்பை மட்டும் போட்டால் போதாது. "பாடசாலைச் சந்தியில் விளக்குப் போடப் பிரதேச சபைக்குக் கடிதம் எழுதுவதா, இல்லையா?" என்று முடிவெடுக்க வேண்டிய கேள்வியாகவே எழுத வேண்டும். கூட்டத்தில் இருக்கை வரிசைப்படி ஒவ்வொருவராகப் பேச வேண்டும், "அடுத்த முறை பார்க்கிறேன்" என்று விட்டுக்கொடுக்கவும் இடம் இருக்க வேண்டும். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் ஏறத்தாழ ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்பதைக் கல்வி ஆய்வாளர் மேரி பட் றோ 1970களில் அளந்து காட்டினார். அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியபோது மாணவரின் பதில்கள் நீண்டு, தரமும் கூடின. சங்கக் கூட்டத்தில் 10 விநாடி காத்திருக்கலாம். அந்த மௌனம் முதலில் எல்லோரையும் சங்கடப்படுத்தும், இரண்டு மூன்று கூட்டங்களில் பழகிவிடும்.

அடுத்தது மண்டபம். இதில்தான் பெரும்பாலான முயற்சிகள் கவனிக்கப்படாமல் தோற்கின்றன. 12 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம், 3.5 மீற்றர் உயரமுள்ள ஒரு மண்டபத்தை எடுத்துக்கொள்வோம்: சீமெந்துத் தரை, பூசிய சுவர், தகரக் கூரை. கன அளவு 252 கனமீற்றர். திறந்த யன்னல்களும் கதவுகளும் 10 சதுரமீற்றர் என்றால், எதிரொலி அடங்கும் நேரத்தைக் கணிக்கும் சபைனின் சூத்திரப்படி வெறும் மண்டபத்தில் ஓர் ஒலி அடங்க ஏறத்தாழ 2.3 விநாடி ஆகும். முப்பது பேர் வந்து அமர்ந்தால் அவர்களின் உடலும் உடையும் ஒலியை உறிஞ்ச, அது 1.4 விநாடியாகும். சுவர் நீளத்துக்குத் தடித்த துணியை மடிப்பு மடிப்பாக 15 சதுரமீற்றருக்குத் தொங்கவிட்டால் 1.1 வரை இறங்கும். இந்த அளவு வகுப்பறைகளுக்கு அமெரிக்கத் தரநியமம் கேட்பது 0.6 விநாடி. எதிரொலி நீள நீள ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையை மூடிவிடுகிறது. இரைச்சலுக்குள் இருந்து பேச்சைப் பிரித்தெடுப்பது ஓட்டிசமுள்ள பலருக்கு ஏற்கெனவே கடினம். இதில் ஒலிபெருக்கியும் வைத்தால் சத்தம் கூடும், தெளிவு கூடாது.

சிறந்த தீர்வு வன்னி மண்ணில் எப்போதும் இருந்தது: மரநிழல். திறந்த வெளியில் சுவரும் இல்லை, கூரையும் இல்லை, எதிரொலியும் இல்லை. தூரம் இரட்டிக்கும்போது ஒலி 6 டெசிபெல் குறைவதால், கதிரைகளை வரிசையாகப் போடாமல் 5 மீற்றர் விட்டமுள்ள வட்டமாகப் போட வேண்டும். பதினைந்து பேர் தாராளமாக அமரலாம், எவரும் கத்த வேண்டியதில்லை. ஏ9 வீதியோரத்து மரமும் ஆலைக்குப் பக்கத்து மரமும் உதவாது. மாரியில் வேறு வழியின்றி மண்டபத்துக்குள் போனால், தகரத்தில் மழை விழும்போது வாக்கெடுப்பு நடத்தாதீர்கள். பழைய சோக் வைத்த ரியூப் விளக்கு விநாடிக்கு 100 முறை மினுங்குகிறது. அது சிலரைத் தலையிடி வரை கொண்டுபோகும். பகலில் அதை அணைத்துவிடுங்கள்.

இங்குள்ள சங்கங்களின் உறுப்பினர் பலர் போரில் கால் இழந்தவர்கள், பார்வை இழந்தவர்கள், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள். ஷெல் வெடிப்பில் செவிப்புலன் கெட்டவர்களும் உண்டு. அமைதியான, எதிரொலியற்ற கூட்டம் அவர்களுக்கும் அதே அளவு தேவை. திடீர்ச் சத்தத்துக்குத் திடுக்கிடுபவர்கள் ஓட்டிசமுள்ளவர்கள் மட்டுமல்லர். ஆனால் தேவைகள் மோதும் இடமும் உண்டு. ஓட்டிசமுள்ளவர் எழுத்தைக் கேட்பார், பார்வையற்ற எல்லோருக்கும் அந்த எழுத்து உதவாது. செயலாளர் ஒவ்வொரு விடயத்தையும் பேச்சுத் தொடங்குமுன் ஒருமுறை உரக்க வாசிக்க வேண்டும், முன்கூட்டி அனுப்பும் நிரலோடு குரல் பதிவும் போக வேண்டும். இருவர் தேவையும் ஒரே வேலையில் தீர்ந்துவிடும்.

தலைமைக்கு வரும் பாதை பற்றி எங்கள் உறுதியான கருத்து ஒன்று உண்டு: மேடையில் ஏற்றி, பொன்னாடை போர்த்தி, "இவரைப் பாருங்கள்" என்று காட்டுவதில் தொடங்காதீர்கள். ஒரு பொருளில் ஆழமாகக் குவியும் கவனத்துக்கு, அதற்கேற்ற அதிகாரமுள்ள வேலையைக் கொடுங்கள். அணுகல் வசதிக் கணக்கெடுப்பு அத்தகையது. அளவுநாடாவோடு பிரதேசத்தின் ஒவ்வொரு பொதுக் கட்டடத்துக்கும் போய்ச் சாய்தளத்தை அளப்பது. பொதுவாக ஏற்கப்பட்ட சரிவு 1:12. அதாவது 15 சென்ரிமீற்றர்ப் படிகள் மூன்று இருந்தால் உயரம் 45, சாய்தளத்தின் நீளம் 5.4 மீற்றர். பல இடங்களில் படியின் மேல் 2 மீற்றருக்குச் சீமெந்தைக் கொட்டிவிட்டு "வசதி செய்துவிட்டோம்" என்கிறார்கள். சக்கர நாற்காலி அதில் பின்னால் சரியும்.

அளவுகள் கைக்கு வந்ததும், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் துணைக்கு வரும். எந்தப் பிரசையும் காரணம் சொல்லாமல் கேட்கலாம், எழுத முடியாதவர் வாய்மொழியாகக் கேட்டால் தகவல் அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலைநாட்களுக்குள் முடிவு தர வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். ஒரு கடிதத்தில் ஒரு கட்டடம் பற்றி மட்டும் கேளுங்கள். "உங்கள் திட்டம் என்ன?" என்று கேட்டால் வெறும் பேச்சுத்தான் திரும்பி வரும். "சாய்தளத்துக்கு ஒதுக்கிய தொகை, ஒப்பந்த வரைபடம், வேலை முடிந்த திகதி" என்று ஆவணங்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பதில் வர வேண்டிய திகதிகளை எழுதிவைத்துப் பின்தொடருங்கள்.

அலுவலகத்தில் நேருக்கு நேர் பேசப் போகும்போது இன்னொரு தடை வரும். "தம்பி இருக்கட்டும், அம்மா நீங்கள் சொல்லுங்கோ" என்று உத்தியோகத்தர் தாயிடம் திரும்பிவிடுவார். துணைக்குப் போகிறவர் பின்னால் அமர வேண்டும், பதில் சொல்லக்கூடாது, "அவரே சொல்லுவார், கொஞ்சம் பொறுங்கோ" என்பதோடு நிறுத்த வேண்டும். பேச வேண்டியதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. இது சலுகை கேட்பதாகாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. நியாயமான இசைவாக்கத்தை, அதாவது ஒருவர் சமமாகப் பங்குபெறத் தேவையான, அளவுமீறிய சுமையாகாத மாற்றத்தை, மறுப்பதும் பாரபட்சமே என்று அதன் 2ஆம் உறுப்புரை சொல்கிறது.

ஓட்டிசமுள்ளவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான புரியாமை இரண்டு பக்கத்திலும் உண்டு என்று ஆய்வாளர் டேமியன் மில்ரன் 2012இல் வாதிட்டார். அதைச் சோதிக்க 2020இல் எட்டுப் பேர் கொண்ட சங்கிலிகளில் ஒருவர் அடுத்தவருக்குச் சொல்ல ஒரு கதையைக் கடத்திப் பார்த்தார்கள். ஓட்டிசமுள்ளவர்கள் மட்டும் இருந்த சங்கிலி, மற்றவர்களின் சங்கிலிக்குச் சமமாகக் கடத்தியது, கலந்த சங்கிலியில்தான் அதிகம் தொலைந்தது. 2025இல் 311 பேரோடு மீண்டும் செய்தபோது மூன்றுக்கும் வேறுபாடு தெரியவில்லை. இரண்டு ஆய்வுகளிலும் நிலைத்து நின்ற செய்தி ஒன்று: ஓட்டிசமுள்ளவர்களுக்குச் செய்தி கடத்தும் திறனில் குறை எதுவும் காணப்படவில்லை.

கடைசியாகக் களைப்பு. தாகம், வெப்பம், பதற்றம் போன்ற உடலின் உட்குறிகள் சிலருக்குப் பிந்தித்தான் தெரியும். "களைத்தால் சொல்லு தம்பி" என்பது அவர்களுக்குப் பயன்படாது, சொல்லத் தெரியும் நேரத்தில் நிலைமை கைமீறியிருக்கும். ஆகவே இடைவேளையை மணிக்கூட்டைப் பார்த்து விடுங்கள்: 40 நிமிடம் பேச்சு, 10 நிமிடம் ஓய்வு, தண்ணீர் மேசையில். தூரத்துக் கூட்டத்துக்குப் பஸ்ஸில் போய்வந்தால் அடுத்த நாளில் வேறொன்றும் வைக்காதீர்கள். திறமையாகச் செய்கிறார் என்று கண்டதும் தலைவர், கணக்கு, வட்ஸ்அப் குழு, எல்லார் விண்ணப்பமும் நிரப்புவது என்று அனைத்தையும் ஒருவர் தலையில் கட்டும் பழக்கம் நம் சங்கங்களில் ஆழமானது. ஓட்டிசமுள்ள தலைவர் இதனாலேயே விலகிப்போகக்கூடும். தொலைபேசி அழைப்புகளைச் செயலாளர் எடுக்கட்டும். தலைவருக்குப் போவது எழுத்தில் போகட்டும், மாலை ஆறு மணிக்குப் பின் எதுவும் போக வேண்டாம்.